திதி வெண்பாவுக்குள் அடங்காதவர்கள்

எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், காணி உறுதிகளுக்கும் சாதகக் கொப்பிகளுக்கும் பக்கத்தில், கல்வெட்டுகள் ஒரு கட்டாகக் கிடக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கல்லில் பொறித்த சாசனத்தை நினைத்துவிடக்கூடும். ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி. அன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கப்படும் சிறிய நூலைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே பஞ்சபுராணம், சிவபுராணம். பிறகு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். நடுவில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று திதி வெண்பா, மற்றது புலம்பல். கவிதை என்பது தனிமனிதரின் குரலாக எப்படி நிலைத்து நிற்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் திரும்பிப் போவது இந்த இரண்டு பக்கங்களுக்குத்தான்.

திதி வெண்பா ஒரு கணக்குப் பாட்டு. தமிழ் வருடத்தின் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, எந்தத் திதி, இறந்தவரின் பெயர் என்று எல்லாமே நான்கடிக்குள் தளை தட்டாமல் நிற்க வேண்டும். திவசம் திதிப்படி வருவது; ஆங்கிலத் தேதி அதோடு ஒட்டி நடக்காது. கலண்டர் தொங்காத வீட்டிலும் இந்த நான்கடி வாயில் இருந்தால் அடுத்த ஆண்டுத் திவசம் தவறாது. யாப்பு இங்கே அலங்காரத்துக்கு வரவில்லை. ஒருவரின் கடைசி நாளை மறதியிலிருந்து காப்பாற்றும் வேலையைச் செய்கிறது.

புலம்பலின் வழி வேறு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று உறவுக்கு ஒன்றாக விருத்தங்கள் இருக்கும். அவற்றை அந்த மனைவியோ மக்களோ எழுதுவதில்லை. ஊரிலோ அயலூரிலோ இருக்கும் புலவர் ஒருவர், பெரும்பாலும் தமிழ் வாத்தியார், குடும்பத்தாரிடம் நாலு விடயம் கேட்டறிந்து எழுதிக் கொடுப்பார். பெரியோரின் மறைவுக்குப் பாடும் சரமகவியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இலக்கிய வரலாறு எழுதியவர்கள் கல்வெட்டுகளைப் பெரிதாகக் கணக்கில் எடுத்ததில்லை. ஒரே உவமைகள், ஒரே கண்ணீர், பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் பாட்டுகள் என்பது அவற்றின் மேல் உள்ள குறை. குறையில் உண்மை இருக்கிறது.

ஆனால் நான் கண்ணால் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது. கல்வெட்டு அச்சாகி வந்த அன்று இரவு, விறாந்தையில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், அம்மம்மா மனைவி புலம்பலை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வாசித்து முடித்துவிட்டு, "நான் இப்பிடியொண்டும் சொல்லேல்லையே பிள்ளை" என்றார் அம்மாவிடம். குரலில் கோபம் இல்லை. தன் பெயரில் வேறு யாரோ பேசியிருப்பதைக் கண்ட திகைப்பு மட்டும் இருந்தது. ஆட்டைத் திவசத்துக்கு முதல் நாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மம்மா, அதே விருத்தத்தை ஒரு சொல் பிசகாமல் தனக்குள் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாம் அடியில் மட்டும் ஒரு சொல்லை மாற்றியிருந்தார். புலவர் அம்மப்பாவை உயர்த்திப் போட்டிருந்த அடைமொழியை எடுத்துவிட்டு, வீட்டில் தான் அவரைக் கூப்பிடும் சொல்லை அந்த இடத்தில் வைத்திருந்தார். ஓசை கொஞ்சம் தட்டியது. அதன் பிறகு அது அம்மம்மாவின் பாட்டு.

தன்னுணர்ச்சி என்றால் உள்ளத்தில் இருப்பது அப்படியே வெளியே கொட்டுவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தமிழ்க் கவிதையின் பழைய மரபு இந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அகப்பாட்டில் தலைவன் பெயரையும் தலைவி பெயரையும் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. காதல் யாருக்கும் உரியது. ஆகவே யாருடைய பெயரும் அதில் ஒட்டக்கூடாது. பெயர் வருவது புறத்தில். அதிலும் சாவைப் பாடும் கையறுநிலையில் பெரும்பாலும் பெயர் வரும். பாரியின் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள சிறிய பாட்டை எண்ணிப்பாருங்கள். தந்தை உயிரோடு இருந்த முழுநிலா இரவு ஒன்று, அவரும் குன்றும் இல்லாத முழுநிலா இரவு ஒன்று. இரண்டையும் அந்தப் பெண்கள் அருகருகே வைக்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. துயரத்துக்கு அவர்கள் கொடுத்த அளவுகோல் நிலாவின் கணக்கு, அதாவது திதி. திதி வெண்பாவின் வேர் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

அச்சுக்கு முன்பிருந்தே வீட்டுக்குள் வாழ்ந்த கவிதை ஒப்பாரி. செத்தவீட்டில் ஒப்புச் சொல்லி அழுவது பெண்களின் கலை. கட்டிப்பிடித்துத் தோளில் தலை சாய்த்து, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவள் தொடர, இறந்தவரின் நன்மையும் தன் வாழ்வின் குறையும் ஒரே மூச்சில் கலந்து வரும். மாமியார் கொடுமை, சீதனக் கணக்கு, பேசாமல் போன சகோதரன் என்று மற்ற நாட்களில் வாய் திறந்து சொல்ல முடியாதவை ஒப்பாரியில் வந்துவிடும். யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. பிறகு சுண்ணம் இடிக்கும்போது ஆண்கள் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். பாடை படலையைத் தாண்டும். பெண்கள் அங்கே நின்றுவிடுவார்கள். சுடலை ஆண்களுடையது. முப்பது நாள் கழித்து வரும் கல்வெட்டிலும் மனைவி புலம்பலை எழுதுபவர் ஆண் புலவர்தான். பெண்ணின் பாட்டு படலையோடு நின்றுபோக, அதன் அச்சு வடிவத்தை வேறொருவர் எழுதிவந்தார். இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

யாருக்குக் கல்வெட்டு அச்சாகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. புலவரைக் கூப்பிடவும் அச்சகத்துக்குக் கொடுக்கவும் வசதியுள்ள வீடுகளுக்குத்தான் அது நெடுங்காலம் உரியதாக இருந்தது. அளவெட்டியில் 1927இல் பிறந்த து. உருத்திரமூர்த்தி, மஹாகவி என்ற பெயரில் எழுதியவர், அந்த வேலியை உடைத்தார் என்று சொல்வது மிகையாகாது. வள்ளி 1955இல் வந்தது, குறும்பா 1966இல். அவர் யாப்பை விட்டுவிடவில்லை. விருத்தத்தையும் வெண்பாவையும் பேச்சின் மூச்சுக்கு ஏற்ப வரி பிரித்து அச்சிட்டார். வாய்விட்டு வாசித்தால் அயல்வீட்டுக்காரர் கதைப்பதுபோல் இருக்கும். அசை பிரித்துப் பார்த்தால் இலக்கணம் வழுவாமல் நிற்கும். அவருடைய நெடும்பாட்டு ஒன்றின் தலைப்பே ஒரு சாதாரண மனிதனது சரித்திரம். வம்சாவளியில் பெயர் ஏறாதவனுக்கு எழுதிய வாழ்க்கைக் குறிப்பு என்று அதை நான் வாசிக்கிறேன்.

தேரும் திங்களும் என்ற அவருடைய கவிதையில் ஊர் கூடித் தேர் இழுக்கிறது. தாழ்த்தப்பட்ட ஒருவன் தானும் வடம் பிடிக்க வருகிறான். தடுக்கிறார்கள், அடிதடியாகிறது. மனிதன் நிலாவைத் தொட்டுவிட்டு வந்த காலம் அது. அந்த மனிதனுடைய இனம் இங்கே மண்ணில் புரள்கிறது என்று கவிதை காட்டுகிறது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் ஊரை உலுக்கியிருந்த ஆண்டுகள் அவை. தேர்முட்டியடியில் விழுந்தவனுக்கு அந்தக் கவிதைதான் கல்வெட்டு. மஹாகவி 1971இல், 44 வயதில் இறந்தார். அடுத்த தலைமுறை எதை எழுத வேண்டியிருக்கும் என்பதை அவர் பார்க்கவில்லை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏட்டுச்சுவடிகளும் அதற்குள். பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்நீத்தார். எண்ணிக்கையும் அறிக்கையும் பிறகு வந்தன. முதலில் வந்தவற்றுள் கவிதைகள் இருந்தன. கல்முனையைச் சேர்ந்தவரும் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவருமான எம். ஏ. நுஃமான் எழுதிய புத்தரின் படுகொலை அவற்றுள் ஒன்று. கனவொன்றில் புத்தர் சுட்டுக் கொல்லப்பட்டு நூலகப் படிக்கட்டில் கிடக்கிறார். இவர் பெயர் எங்கள் பட்டியலில் இல்லையே என்று அமைச்சர்கள் கேட்கிறார்கள். பிறகு உடலைப் புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள். அரசியல் கவிதை என்றே இது எப்போதும் வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் உடம்பைப் பாருங்கள்: பிரேதம் இருக்கிறது, விறகு இருக்கிறது, தகனம் இருக்கிறது. செத்தவீட்டின் ஒழுங்கு முழுவதும் உள்ளே இருக்கிறது. கோபத்தை அந்த ஒழுங்குக்குள் வைத்ததால்தான் 40 ஆண்டுகள் கடந்தும் அது ஆறாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நூலகம் எரிந்த அதே ஆண்டில்தான் நுஃமானின் பலஸ்தீனக் கவிதைகள் மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. மஹ்மூத் தர்வீஷை இங்கே இளைஞர்கள் அதன் வழியாக வாசித்தார்கள். ஊரை இழந்தவன் தன் அடையாள அட்டையையும் தாயின் கோப்பியையும் பற்றி எழுதலாம், அது ஒரு மக்கள் கூட்டத்தின் குரலாகவும் இருக்கும் என்பதை அவர்கள் அங்கே கண்டார்கள். மஹாகவியின் மகன் சேரனின் முதல் தொகுப்பு இரண்டாவது சூரிய உதயம் 1983இல் வந்தது. தலைப்புக் கவிதை எரிந்த நகரத்தைப் பற்றியது. 1985இல் மரணத்துள் வாழ்வோம் என்ற தொகுப்பு. சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்தது, 31 கவிஞர்கள். புத்தகத்தின் பெயரே ஒரு தலைமுறையின் முகவரியாகிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1986இல், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் சொல்லாத சேதிகள் என்ற தொகுப்பை வெளியிட்டது. பத்துப் பெண்கள், 24 கவிதைகள். சங்கரி, ஊர்வசி, மைத்ரேயி, ஔவை, சிவரமணி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். கையடக்கமான புத்தகம். இயக்க அரசியல், ஆண்களின் அதிகாரம், காதல், காத்திருப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. படலையோடு நின்ற பாட்டு என்று மேலே சொன்னேன். அது அச்சிலும் தெருவிலும் தன் சொந்தக் குரலோடு வந்த நாள் இது. மனைவி புலம்பலை இனி வேறொருவர் எழுத வேண்டியதில்லை. சொல்லப்போனால், மனைவி என்ற தலைப்பும் வேண்டியதில்லை. ஒப்பாரி தந்திருந்த உரிமையை, அதாவது சாவின் பெயரால் தன் வாழ்வைச் சொல்லும் உரிமையை, இந்தப் பெண்கள் சாவில்லாத நாளுக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஈழத்துக் கவிதையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் போர்க் கவிதைகளை நான் இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

சிவரமணி அப்போது பதின்ம வயதினர். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தார். போர்க்கால இரவுகள் குழந்தைகளை எப்படி அவசரமாகப் பெரியவர்களாக்கிவிடுகின்றன என்று அவர் எழுதிய கவிதையை இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1991 மே 19 அன்று, 22 வயதில், தன் கையில் இருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தன் உயிரையும் முடித்துக்கொண்டார். அந்தச் சாவை அழகுபடுத்தி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அந்த இளம்பெண்ணுக்குச் செய்யும் நீதியாகாது. நான் நினைப்பது எஞ்சிய கவிதைகளைப் பற்றி. தோழிகளிடமும் சஞ்சிகைகளிலும் இருந்தவற்றைத் தேடிச் சேர்த்துச் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த சிவரமணி கவிதைகள் 1993இல் வந்தது. இருபத்துச் சொச்சம் கவிதைகள். எழுதியவர் எரித்த பிறகும் வாசித்தவர்களிடம் மிஞ்சியவை.

ரஷ்யாவில் அன்னா அக்மதோவாவுக்கு இதன் மறுபக்கம் நேர்ந்தது. மகன் 1938இல் கைதானபின் லெனின்கிராட் சிறை வாசலில் வரிசையில் நின்ற மாதங்களைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளைத் தாளில் வைத்திருக்க முடியாது. துண்டுக் கடதாசியில் எழுதி நம்பிக்கையான தோழியிடம் காட்டுவார். தோழி மனத்தில் ஏற்றியதும் சாம்பல் கிண்ணத்தில் எரித்துவிடுவார். பல ஆண்டுகள் அந்தக் கவிதைகள் ஒரு சிலரின் நினைவில் மட்டும் இருந்தன. நூலாக வந்தது 1963இல், அதுவும் மூனிக்கில். அவருடைய நாட்டில் 1987இல்தான். யாழ்ப்பாணத்திலும் லெனின்கிராட்டிலும் தாள் எரிந்தது. கவிதை மட்டும் மற்றொருவரின் வாயில் தங்கியது. உரைநடைக்கு அந்த வசதி இல்லை. மனத்தில் ஏறும்படி செய்திருப்பதுதான் செய்யுளின் முதல் உறுதி. அம்மம்மாவின் விருத்தமும் திதி வெண்பாவும் அதைத்தான் நம்பி இருந்தன.

செல்வி என்ற கவிஞரின் கதை வேறு. வவுனியா சேமமடுவைச் சேர்ந்த தியாகராஜா செல்வநிதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துக்கொண்டிருந்தார். தோழி என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தினார். சிவரமணி இறந்து மூன்று மாதங்கள் கழித்து, 1991 ஆகஸ்ட் 30 அன்று, விடுதலைப் புலிகள் அவரைக் கைதுசெய்தார்கள். 1992இல் சர்வதேச பென் அமைப்பின் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. வாங்க அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை.

இங்கேதான் கல்வெட்டு கைவிரிக்கிறது. செல்விக்குத் திதி வெண்பா எழுத முடியாது. வருடம் தெரியாது, மாதம் தெரியாது, பக்கம் தெரியாது. நான்கடியில் முதல் மூன்றும் வெறுமையாக நிற்க, நான்காம் அடியில் பெயர் மட்டும் இருக்கும். செல்வி ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததா இது? இராணுவம் பிடித்துப்போனவர்கள், இயக்கங்கள் கூட்டிப்போனவர்கள், 2009 மே மாதம் போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்குப் பின் சரணடையப் போய்த் திரும்பாதவர்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் உண்டு. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும் தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கும் விரதம் இருப்பது நம் வழக்கம். நாள் தெரியாத சாவுக்கும் சமயம் அமாவாசையைக் காட்டி ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதைச் செய்ய முதலில் அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தாய் அதை எந்தக் கையால் செய்வாள்? மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கே ஒரு சான்றிதழ் தரும் சட்டம் 2016இல் வந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் பிடித்திருந்தவை படங்கள். கல்வெட்டின் அட்டைக்குப் போகும் அதே அளவுப் படங்கள்.

சாவுக்குச் செய்ய வேண்டிய கருமங்களுக்கே இடமில்லாமல் போன காலமும் ஒன்று இருந்தது. கீரிமலைக் கேணியில் முழுகி, கடற்கரையில் அந்தியேட்டி செய்து, சாம்பலைக் கடலில் கரைப்பது குடாநாட்டுச் சைவர்களின் நெடுங்கால வழக்கம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. கீரிமலைக்குப் போகும் பாதை பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. அதே 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய மையவாடிகளில் உறவினர் வந்து நிற்காத மீஸான் கட்டைகள் மிஞ்சின. தீவகம் வெறிச்சோடியது. புங்குடுதீவுக்காரரான சு. வில்வரத்தினம் 1995இல் காற்றுவெளிக் கிராமம் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆட்கள் இல்லாத வீடுகளின் ஊடாகக் காற்று மட்டும் போய்வரும் ஊர் அது. மனிதருக்கு எழுதும் புலம்பலை அவர் ஊருக்கு எழுதினார். தன் கவிதைகளை மேடையில் ராகத்தோடு பாடுவது அவர் வழக்கம். தேவாரமும் ஒப்பாரியும் பழகிய தொண்டை. புதுக்கவிதையைப் பாடலாமா என்று அன்று சிலர் முகம் சுளித்தார்கள். கேட்டவர்கள் சுளிக்கவில்லை. 2006 டிசம்பரில் அவர் இறந்தார்.

இந்தக் காலத்துக் கவிதைகள் எல்லாவற்றையும் புகழ்ந்து போக எனக்கு மனம் வரவில்லை. கல்வெட்டுப் புலம்பலைப் பிடித்த நோய் போர்க் கவிதையையும் பிடித்தது. தலையறுந்த பனை, குருதி படிந்த மணல், உடைந்த சிலுவை, அம்மாவின் சேலை: தொண்ணூறுகளில் வந்த தொகுப்புகளை அடுக்கி வைத்து வாசித்தால் பெயரை மாற்றி யாருடையதாகவும் கொள்ளக்கூடிய கவிதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. புலவர் வைத்திருந்த உவமைப் பெட்டியை எரித்துவிட்டுப் புதியவர்கள் இன்னொரு பெட்டி செய்துகொண்டார்கள். இயக்கங்களுக்காக எழுதப்பட்டவற்றில் இது இன்னும் கூடுதல். அங்கே சாவுக்கு ஏற்கெனவே பெயரும் பட்டமும் வைக்கப்பட்டிருந்தன. இறந்தவன் வீரனாக இருந்தே ஆகவேண்டும் என்றால், அவன் எந்தக் கறிக்கு முகம் சுளிப்பான் என்பதைச் சொல்ல இடம் ஏது? நின்று நிலைத்த கவிதைகளில் அம்மம்மா செய்த காரியம் நடந்திருக்கிறது. அடைமொழி ஒன்று எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் வீட்டுச் சொல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஓசை கொஞ்சம் தட்டியிருக்கிறது.

2011இல் சேரனின் ஒரு தொகுப்பு காடாற்று என்ற பெயரில் வந்தது. எரித்த மறுநாள் சுடலைக்குப் போய்ப் பால் தெளித்துத் தணலை ஆற்றி எலும்பு பொறுக்கும் சடங்கின் பெயர் அது. எட்டுச்செலவு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று போகும் வரிசையில் முதலில் வருவது. முள்ளிவாய்க்காலுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த நூலுக்கு, 31 நாளில் முடியவேண்டிய கருமங்களில் முதலாவதன் பெயர். இன்னும் அந்தியேட்டிக்கு நாள் வரவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஒரு சொல்லை நான் அறியேன். வெளியூரில் இருப்பவர்களுக்கு அது ஒரு நல்ல தமிழ்த் தலைப்பு. செத்தவீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதை வாசித்ததும் பால் செம்பின் வாசனை வரும்.

கல்வெட்டும் நிற்கவில்லை. நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து வருகிறது. அதில் நினைவு மலர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அவற்றைப் புரட்டினால் காலம் மாறுவது தெரியும். பழையவற்றில் வெண்பாவும் விருத்தமும். அண்மையில் வந்தவற்றில் திதி வெண்பா அப்படியே இருக்கும். புலம்பல் இருந்த இடத்தில், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வளரும் பேரப்பிள்ளை உடைந்த தமிழில் எழுதிய ஒரு பக்கம் இருக்கும். தாத்தா சைக்கிளில் ஏற்றிப் போனது, ஸ்கைப்பில் பேசியது. இலக்கணம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத் தலையசைப்பார்கள். நான் அந்தப் பக்கத்தில்தான் நீண்ட நேரம் நிற்கிறேன்.

அம்மம்மா தொண்ணூறைத் தாண்டி இருந்துவிட்டுப் போனார். கல்வெட்டுக்கு அம்மாதான் பொறுப்பு. திதி வெண்பா எழுதித்தர வந்த புலவர் திண்ணையில் இருந்து, பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தார். அம்மாவுக்கு ஒரு தம்பி. சந்திக்குச் சாமான் வாங்கப் போனவர் அன்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. இருபது வருடம் கடந்துவிட்டது. புலவர் பேனையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இவரை மக்கள் புலம்பலில சேர்க்கவோ, அல்லது அம்மா போய்ச் சேர்ந்த இடத்தில முன்னமே இருக்கிறாரெண்டு எழுதவோ?" கேட்டதில் தவறில்லை. விருத்தத்துக்கு அது தெரிந்தாக வேண்டும். அழுகிறவர்களின் பக்கமா, அழப்படுகிறவர்களின் பக்கமா? அம்மா பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி போட உள்ளே போனார்.

மக்கள் புலம்பல் எழுதப்படவில்லை. அந்தப் பக்கத்துக்கு அம்மா தானே பென்சிலால் எட்டு வரி எழுதிக் கொடுத்தார். அதில் எதுகை இல்லை. பின்னேரங்களில் படலைத் திறாங்கைப் போடாமல் வைத்துவிட்டு, அம்மம்மா குந்தில் இருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் இருந்தது.

அச்சகத்திலிருந்து புறூவ் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வாழ்க்கைக் குறிப்பில் பிள்ளைகளின் பெயர் வரிசையில், எழுத்துக் கோத்த பையன் பழக்கத்தில் மாமாவின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருந்தான். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையால் அந்த ஒரு சொல்லை வெட்டினார். பெயரைத் தொடவில்லை.